போபால் நச்சுவாயுக் கசிவும் தொழிலாளரின் அறியும் உரிமையும்: சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

நச்சு வேதிப்பொருள் கசிவை எதிர்கொள்ளப் பணியிடத்தை ஆயத்தப்படுத்துவது, நெடுங்காலம் கருவிகள் சார்ந்த செயலாகவே கருதப்பட்டது. சுவாசக் கவசமும் நீர்த்தெளிப்பானும் அபாயச் சங்கும் இருந்தால் ஆலை ஆயத்தமாக உள்ளது என்பதே அக்கருத்து. 1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவு அதன் போதாமையை வெளிப்படுத்தியது. அதன்பின் எழுந்த இந்தியச் சட்டங்கள், ஆபத்தைப் பற்றிய அறிவைத் தொழிலாளரோடும் ஊர்மக்களோடும் பகிர்வதையும் ஆயத்தநிலையின் கூறாக்கின. இம்மாற்றத்தையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் நச்சுப்புகையைத் தன் 36ஆம் பிரிவில் கருத்திற்கொண்டது. தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் இறங்குவோரின் உயிர்க்காப்பே அதன் நோக்கம். சுவாசக் கருவி, இடைவார், கயிறு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருக்கவும் அவற்றைக் கையாளச் சிலருக்குப் பயிற்சியளிக்கவும் அது பணித்தது. ஒரு கலத்திலிருந்து வெளியேறும் வாயு ஆலைச் சுவரைக் கடந்து ஊரைச் சூழக்கூடும் என்னும் நிலை அப்பிரிவின் பார்வைக்குள் வரவில்லை.

கருவிகள் இருந்தும் காவாமை

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் கலத்துள் நீர் புகுந்தமையால் வேதிவினை கட்டுமீறியது. ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அவ்வாலையில் காப்பமைப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால், கலத்தைக் குளிரூட்டும் அமைப்பு சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. எரிசோடாக் கரைசலால் வாயுவை நடுநிலையாக்கும் அமைப்பு, வெளியேறிய அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. நீர்த்தாரை, வாயு வெளிப்பட்ட உயரத்தை எட்டவில்லை.

இவற்றினும் முதன்மையானது அறிவின் பற்றாக்குறை. சிக்கன நடவடிக்கையாகப் பணியாளர் எண்ணிக்கையும் பயிற்சிக் காலமும் குறைக்கப்பட்டிருந்தன. கசிவைக் கண்ணெரிச்சலால் உணர்வதே பணியாளரின் வழக்கமாக இருந்தது. 1981இல் பாஸ்ஜீன் கசிவால் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1982இல் தொழிற்சங்கத்தினரும், இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானியும் வெளிப்படையாக எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கைகளுக்குச் செவிசாய்க்க நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டவழி ஏதும் அன்று இல்லை.

அபாயச் சங்கின் நிலையும் இத்தகையதே. சிறு கசிவுகளால் ஊர்மக்கள் அச்சமுறலாகாது என்று கருதி, ஆலைக்குள் ஒலிக்கும் சங்கும் ஊருக்கான சங்கும் பிரிக்கப்பட்டிருந்தன. அவ்விரவில் ஊருக்கான சங்கு ஒலித்துச் சிறிது நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. வாயு பரவிய பின்னரே மீண்டும் ஒலித்தது. ஈரத்துணியால் முகத்தை மூட வேண்டும் என்ற எளிய செய்திகூட மக்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருக்கவில்லை. மருத்துவர்களும் வாயுவின் இயல்பு தெரியாமலே சிகிச்சையளிக்க நேர்ந்தது.

சட்டத்தில் ஏற்பட்ட திருப்பம்

1985 டிசம்பரில் தில்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் கசிந்தது. அதுதொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்துவோர் விதிவிலக்கற்ற முழுப்பொறுப்பு உடையவர் என உச்சநீதிமன்றம் நிறுவியது. நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறும் வழியை அது வலுப்படுத்தியது. நேருமுன் காக்கும் வழியை 1987ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்தது.

அத்திருத்தம் சேர்த்த 41பி பிரிவு, வேதிப்பொருளின் தீங்கையும் அதைக் கடக்கும் முறையையும் தொழிலாளர், ஆய்வாளர், உள்ளாட்சி அமைப்பு, சுற்றுப்புற மக்கள் ஆகியோருக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 41ஜி பிரிவு, தொழிலாளரும் நிருவாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை ஏற்படுத்தியது. 41எச் பிரிவு, உடனடி ஆபத்து நேரும் என அஞ்சும் தொழிலாளர் நிருவாகத்திடமும் ஆய்வாளரிடமும் எச்சரிக்கும் உரிமையை வழங்கியது. 1989ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புத் தரவுத்தாள், ஆலைவளாக அவசரகாலத் திட்டம், அதற்கான ஒத்திகை ஆகியவற்றை வரையறுத்தன. 1996ஆம் ஆண்டு விதிகள் மத்திய அரசு முதல் உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைத்தன.

எல்லை

41எச் பிரிவு எச்சரிக்கும் உரிமையை அளித்ததேயன்றி, ஆபத்தான இடத்தைவிட்டு விலகும் உரிமையைக் கூறவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு 170ஆம் உடன்படிக்கை அவ்வுரிமையை வெளிப்படையாக ஏற்றது. தொழிலாளரின் சொல்லை நம்பி நிருவாகம் செயல்படும்வரை அவர் காத்திருக்க வேண்டிய நிலையே இந்தியச் சட்டத்தில் எஞ்சியது.

ஏட்டில் இருந்த கடமைகளும் நடைமுறையில் தளர்ந்தன. 2020 மே 7ஆம் நாள் விசாகப்பட்டினத்து எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் மாண்டபோது, அங்கிருந்த அபாயச் சங்கு ஒலிக்கப்படவில்லை. போபாலுக்குப்பின் 35 ஆண்டுகள் கடந்தும், ஊரார் கசிவைத் தம் உடலாலேயே உணர்ந்தனர்.

முடிவுரை

1948 முதல் 1996 வரையிலான சட்ட வளர்ச்சி, கருவியிலிருந்து அறிவுக்கு நகர்ந்த வரலாறாகும். எனினும், அறிந்தவர் செயல்படுவதற்கான அதிகாரம் அதே அளவில் வளரவில்லை. சங்கை ஒலிக்கவும் பணியை நிறுத்தவும் களத்தில் நிற்கும் தொழிலாளருக்கு உரிமை இருக்கிறதா என்பதே ஒரு பணியிடத்தின் ஆயத்தநிலையை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.