ஓடிக்கொண்டிருக்கும் புராசஸை வேறு சி-குரூப்புக்கு மாற்றினால் என்ன ஆகும்?

புனே ஐசர் நிறுவனத்தில் உள்ள 'பரம் பிரம்மா' போன்ற சூப்பர் கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள். ஒருவரின் வேலை மெமரியை மொத்தமாக விழுங்கினால், பக்கத்தில் ஓடும் உங்கள் வேலையும் நின்றுபோகலாம். அதைத் தடுக்க லினக்ஸ் கெர்னலில் 2008-ல் வந்த வசதிதான் சி-குரூப். ஒவ்வொரு குழுவுக்கும் மெமரி, சிபியு வரம்பு வைக்கலாம்.

மாற்றுவது எப்படி?

புதிய குழுவின் 'சிகுரூப்.புராக்ஸ்' ஃபைலில் புராசஸ் எண்ணை எழுதுங்கள். எல்லா த்ரெட்டும் சேர்ந்தே நகரும். நடுவில் புது த்ரெட் பிறக்காதபடி கெர்னல் பூட்டுப் போட்டுவிடும். ஒரு கன்ட்ரோலர் மறுத்தாலும் எதுவும் நகராது.

அவ்வளவுதானா?

இல்லை. இரண்டாம் பதிப்பில், ஏற்கெனவே எடுத்த மெமரி பழைய குழுவின் கணக்கிலேயே நிற்கும். முன்பே பிறந்த சைல்டு புராசஸ்களும் அங்கேயே தங்கிவிடும். எனவே வேலையைத் தொடங்கும்போதே சரியான குழுவில் போட்டுவிடுங்கள்.