15,000 ரூபாய் லேப்டாப்: ஒரு டெண்டர் சொல்லிக்கொடுத்த பாடம்

போன மாசம் சிவகாசியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். ஆஃப்செட் பிரஸ்ல வேலை. மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள், தனியார் கல்லூரி.

"அண்ணே, புள்ளைக்கு லேப்டாப் வாங்கணும். கடைக்காரர் இருபதாயிரத்துக்குப் புதுசே தர்றேங்கிறார். வாங்கிரவா?"

மாடல் என்ன என்று கேட்டேன். 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஈஎம்எம்சி. கொஞ்சம் பொறுடா என்று சொல்லிவிட்டு வைத்தேன். சும்மா "வேண்டாம்" என்று சொன்னால் அவன் கேட்கமாட்டான். சீட்டு எடுத்த பணம் அது, தீபாவளி காலண்டர் சீசன் முடிந்து கையில் வந்தது. காரணம் சொல்லணும். அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

"மாணவருக்கு மலிவான லேப்டாப் எது?" என்ற கேள்விக்கு உலகத்திலேயே பெரிய அளவில் பதில் எழுதிப் பார்த்த இடங்களில் ஒன்று நம்ம ஊர்தான். எழுதியது எல்காட். பதிலின் பெயர் டெண்டர்.

மூணு பதில்கள்

முதல் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-ல் "நூறு டாலர் லேப்டாப்" என்று அறிவித்தார். ஏழைக் குழந்தைகளுக்கென்றே தனியாக வடிவமைத்த கருவி. 2007-ல் உற்பத்திக்கு வந்தபோது 7.5 அங்குலத் திரை, 433 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், 1 ஜிபி சேமிப்பு. வெயிலில் படிக்கக்கூடிய அருமையான திரை. ஆனால் விலை நூறு டாலரில் நிற்கவில்லை, கிட்டத்தட்ட இருநூறைத் தொட்டது. இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. 2012-ல் வெளிவந்த ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை என்று முடிவு வந்தது.

இரண்டாவது பதில் டெல்லியிலிருந்து வந்தது. 2011 அக்டோபர் 5 அன்று கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட். 35 டாலர் என்று உலகம் முழுக்கச் செய்தி. 7 அங்குலத் திரை, அதுவும் அழுத்தித் தொடவேண்டிய பழைய ரகம். 366 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், கீபோர்டு கிடையாது. வெளியான வேகத்திலேயே புகார்களும் வந்தன.

மூணாவது பதில் நம்முடையது. ஆகாஷுக்குச் சரியாக 20 நாள் முன்னால், 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே மேடையில்தான் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டமும். அதனாலேயே பலர் இதையும் "இன்னொரு இலவசம்" என்று தள்ளிவிட்டார்கள். நானும் அப்போது அப்படித்தான் பேசினேன். இப்போது டெண்டர் விவரத்தைப் பார்க்கும்போது வேற மாதிரி தெரிகிறது.

டெண்டரில் என்ன இருந்தது

திட்ட மதிப்பீடு: ஐந்து வருஷத்தில் 68 லட்சம் லேப்டாப், 10,200 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 15,000. முதல் வருஷம் மட்டும் 9.12 லட்சம்.

அந்தப் பணத்துக்கு அவர்கள் கேட்டது 14 அங்குலத் திரை, டூயல் கோர் பிராசஸர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். முழு அளவு கீபோர்டு. அதாவது 2011-ல் கடையில் ஆபீஸ்காரர் வாங்கும் சாதாரண லேப்டாப். ஏழை மாணவருக்கு என்று தனியாக ஒரு கருவி கண்டுபிடிக்கவே இல்லை. என் கண்ணுக்கு இதுதான் முக்கியமான முடிவாகப் படுகிறது.

சாதாரண லேப்டாப் என்பதால் என்ன லாபம்? சார்ஜர் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் மாத்தலாம். விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சின்ன சர்வீஸ் கடைக்காரர்கூடத் திறந்து பார்ப்பார், அவருக்குப் பழக்கமான சரக்குதான். நெக்ரோபோன்டேயின் கருவிக்கு அப்படி ஒரு கடைத்தெரு எங்கேயும் இல்லை.

இன்னொரு விஷயம் பேட்டரி. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் கரண்ட் இருக்காது. சிவகாசியில் பிரஸ்ஸெல்லாம் ஜெனரேட்டரில் ஓடியது. அந்த வருஷம் வீட்டுக்கு வந்த டெஸ்க்டாப்பால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

தப்பு எங்கே நடந்தது

லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழில் பயன்படுத்தலாம், இலவசம். இன்னொன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இந்த ஸ்டார்ட்டர் ஒரு கைகட்டின பதிப்பு. டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது. முக்கியமாக, 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. லேப்டாப்பில் கூடுதல் ரேம் போட வசதி இருந்தும், மென்பொருள் கதவைச் சாத்தியது.

அப்போ லினக்ஸ் பக்கம் போயிருக்கலாமே? போகலாம். யார் சொல்லிக்கொடுக்க? நான் பார்த்த பிள்ளைகளில் பாஸ் லினக்ஸுக்குள் போனவர்கள் ரொம்பக் குறைவு. வாங்கின மறுநாளே தெரிஞ்ச அண்ணன் யாராவது அதை அழித்துவிட்டு, கள்ள விண்டோஸ் போட்டுக்கொடுப்பார். லேப்டாப் விலையைக் கணக்குப் போட்ட அளவுக்கு, அதை வைத்து என்ன செய்வது என்பதைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடவில்லை. பெருவில் நடந்ததும் இதேதான்.

பெரிய இடி அப்புறம் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. வீட்டுக்கு வீடு லேப்டாப் தேவைப்பட்ட அந்த நேரத்திலிருந்துதான் விநியோகம் நின்றுபோனது. கல்வித் தொலைக்காட்சியும் அப்பாவின் போனும்தான் வகுப்பறை. எங்க பக்கத்து நிலைமை இன்னும் மோசம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் கடனே தீராத வீடுகளில் கொரோனா வந்தது. 2017, 2018 இரண்டு வருஷமும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. படிப்பில் குறை இல்லை, கையில் கருவி இல்லை.

சரி, என்ன வாங்குவது?

2025-26 பட்ஜெட்டில் திட்டம் திரும்ப வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, இரண்டு வருஷத்தில். அறிவித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு நம்ம மாவட்டம் திருச்சுழி தொகுதிக்காரர். எல்காட் கேட்ட விவரம் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பதினாலு வருஷத்தில் ரேம் நாலு மடங்கு. ஆனால் அடிப்படை யோசனை மாறவில்லை, சாதாரண லேப்டாப்தான்.

அரசுக் கல்லூரி இல்லாததால் நம்ம புள்ளைக்கு அது கிடைக்காது. ஆனால் அந்த விவரத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமே. தம்பியிடம் அதை வைத்துத்தான் பேசினேன்.

கடைக்காரர் காட்டியது 4 ஜிபி, 64 ஜிபி. விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே அதுதான். வாங்கின அன்றைக்கே நிறைந்துவிடும். அந்த மாதிரி மாடல்களில் ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்திருக்கும், பின்னால் கூட்ட முடியாது. ஸ்டார்ட்டர் பதிப்பு அன்றைக்கு மென்பொருளால் கட்டிய கையை, இது வன்பொருளாலேயே கட்டுகிறது.

அவன் அக்கா மகன் 2012-ல் வாங்கிய அரசு லேப்டாப் இன்னும் வீட்டில் கிடக்கிறது, மூடியில் முதல்வர் படத்தோடு. போன வருஷம் ஊருக்குப் போனபோது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, லுபுண்டு ஏற்றினேன். பேட்டரி செத்துவிட்டது, ஆனால் சார்ஜரில் போட்டால் லிப்ரே ஆபீஸ் ஓடுகிறது. திறந்து மாத்த முடிந்ததால்தான் 13 வருஷம் தாங்கியிருக்கிறது.

"அப்ப அதையே வச்சுக்கிறவா?" என்றான். டேலி படிக்கணும், விண்டோஸ் வேணும், அது தாங்காது என்றேன்.

"பழசு வாங்குடா. கம்பெனிகள் மாத்திப் போட்ட திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி. 14 அங்குலம், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழ வேண்டாம். அதுக்குக் கீழ விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கடையிலேயே போட்டுப் பாரு. எல்லாக் கீயையும் ஒருதடவ அடிச்சுப் பாரு. பில்லும், எழுதிக்கொடுத்த வாரண்டியும் இல்லாம வாங்காத."

"பழசாண்ணே..." என்று இழுத்தான்.

"நீ ஓட்டுற மெஷின் புதுசா?"

சிரித்துவிட்டான். சிவகாசி பிரஸ்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தவை வெளிநாட்டில் ஓடி, கப்பலேறி வந்த ஆஃப்செட் மெஷின்கள்தான். நல்ல மெஷின், பழசு, ரிப்பேர் பார்க்க உள்ளூரிலேயே ஆள். அதில்தான் இந்த நாட்டுக் காலண்டரும் நோட்டும் அடிக்கிறோம். அவனுக்கு அதுக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

24,000-க்கு ஒன்று முடிந்தது. அடுத்த வாரம் புள்ள போன் பண்ணி, "பெரியப்பா, இதுல தமிழ்ல டைப் பண்றது எப்படி?" என்று கேட்டாள். தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொடுத்தேன். 2011-ல் 9 லட்சம் பேரிடம் லேப்டாப்பைக் கொடுத்தபோது, கூடவே உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் என்று தோன்றியது.