கைரேகை மறுப்பு இயக்கம் (ஜப்பான்)
வெளிநாட்டவர் பதிவுச் சட்டப்படி 1955 முதல் நடைமுறையிலிருந்த கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் இயக்கம். மறுத்தவர்களில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்கள் அல்லர். கொரியாவில் ஜப்பானின் காலனி ஆட்சிக்காலத்தில் குடியேறிய கொரியர்களும், ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளும்தான். தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாக அவர்கள் கொதித்தனர். 1980இல் அவர்களில் ஒருவரான ஹான் ஜோங்-சோக், டோக்கியோவின் ஷின்ஜுகு வார்டு அலுவலகத்தில் விரல் பதிக்க மறுத்து வழக்கைச் சந்தித்தார். 1985இல் ஆயிரக்கணக்கானோர் அவ்வழி சென்றனர். மறுத்தவர்கள்மீது புகார் கொடுக்க மாட்டோம் என்று கவாசாகி மேயர் இதோ சபுரோ அறிவித்தது மத்திய அரசுக்குப் பெரும் சங்கடம். பேரரசர் ஹிரோஹிதோ மறைவையொட்டிய 1989ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்பு வழக்குகளை முடித்துவைத்தது. நீதிமன்றத் தீர்ப்பையே விரும்பியவர்களுக்கு அது ஏமாற்றம். 1993இல் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் 2000இல் மற்றவர்களுக்கும் இம்முறை நீங்கியது. 2007 முதல் நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவரிடம் மீண்டும் கைரேகை பெறப்படுகிறது; பழைய கொரியக் குடும்பத்தினர் உள்ளிட்ட சிறப்பு நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு விலக்கு உண்டு.