கணக்கும் கண்ணாடியும்: நிழற்படக்கருவி வில்லைகளின் வளர்ச்சி வரலாறு

முன்னுரை

நிழற்படக்கலையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் வில்லையைப் பற்றிப் பேசுமிடத்து, அதன் வளைவுகளைக் கணித்த அறிஞர்களையே பெரும்பாலும் முன்னிறுத்துகின்றன. அவ்வளைவுகள் எத்தகைய பொருளில் தேய்க்கப்பட்டன என்னும் வினா அரிதாகவே எழுகிறது. 'லென்ஸ்' என்னும் சொல் அவரைப் பருப்பைப் போன்ற ஒரு பருப்பு வகையைக் குறித்த இலத்தீன் சொல்லாகும். தமிழில் நாம் வழங்கும் 'வில்லை' என்பதும் வட்டமான சிறு தகட்டைக் குறிப்பதே. இரு மொழிகளிலும் பெயர் வடிவத்தைச் சுட்டுகிறதேயன்றிப் பொருளைச் சுட்டவில்லை. வரலாற்றெழுத்தும் அவ்வழியே சென்றுள்ளது எனலாம். கணிதம் காட்டிய வழியில், கண்ணாடி இடங்கொடுத்த அளவிற்கே வில்லை முன்னேறியது என்பதை 18ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

நிறப்பிறழ்ச்சியும் இருவகைக் கண்ணாடியும்

ஒளி கண்ணாடியினுள் புகும்போது விலகுகிறது. அவ்விலகல் நிறத்திற்கு நிறம் வேறுபடுவதால் ஒற்றை வில்லை தரும் உருவத்தின் ஓரங்களில் நிறச்சாயல் படிகிறது. இக்குறையை வில்லையால் நீக்க இயலாது என்று கருதிய நியூட்டன், தொலைநோக்கிக்குக் குழியாடியை நாடினார். 1704இல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலின் செல்வாக்கால் அக்கருத்து நெடுங்காலம் நிலைபெற்றது.

அதனைச் செயலளவில் முதலில் மீறியவர் செஸ்டர் மூர் ஹால் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர். 1730ஆம் ஆண்டையொட்டி, கிரௌன், ஃபிளின்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளால் ஆன வில்லைகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கலாம் என அவர் கண்டார். இரகசியத்தைக் காக்க விரும்பி இரு வில்லைகளையும் வெவ்வேறு கடைக்காரர்களிடம் செய்யக் கொடுத்தாரென்றும், அவ்விருவரும் அறியாமலே ஜார்ஜ் பாஸ் என்னும் ஒரே தொழிலாளியிடம் அவ்வேலையை ஒப்படைத்தனரென்றும் கூறுவர். ஆயினும் 1758இல் காப்புரிமை பெற்றவர் ஜான் டாலண்ட். கண்டவர் ஒருவர், தேய்த்தவர் ஒருவர், உரிமை பெற்றவர் ஒருவர் என்னும் இந்நிலை வில்லையின் வரலாற்றில் பின்னரும் தொடர்வதைக் காண்கிறோம்.

நல்ல ஃபிளின்ட் கண்ணாடி கிடைப்பதும் அரிதாயிருந்தது. உருகிய குழம்பு ஒரே சீராகக் கலவாமல் ஆறும்போது உள்ளே வரிகள் தோன்றின. பியர் லூயி கினாண்ட் என்னும் சுவிட்சர்லாந்துக் கைவினைஞர், சுடுமண்ணாலான கோலால் குழம்பைக் கலக்கும் முறையைக் கண்டு இக்குறையைத் தீர்த்தார். பவேரியாவின் பெனடிக்ட்பாயர்ன் நகரில் அவருடன் பணியாற்றிய ஃபிரான்ஹோஃபர், 1814இல் ஞாயிற்றொளி நிறமாலையின் கருங்கோடுகளை விரிவாக ஆராய்ந்தார். அக்கோடுகளை அளவுகோலாகக் கொண்டு கண்ணாடியின் விலகல் எண்ணைத் துல்லியமாக அளக்கலாயினர். வில்லைக் கணக்கிற்கு நம்பத்தக்க எண்கள் அதன் பின்னரே கிடைத்தன.

பெட்ஸ்வாலின் கணக்கு

1839இல் டகேர் முறை வெளியிடப்பட்டபோது அதற்குப் பயன்பட்ட செவாலியே வில்லையின் திறப்பு ஏறத்தாழ எஃப்/16 அளவினது. ஒருவரின் உருவத்தைப் பதிய அவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. வியன்னாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால் 1840இல் இதற்குத் தீர்வு கண்டார். பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கறிந்த வீரர்களின் உதவியோடு அவர் வகுத்த வில்லையின் திறப்பு ஏறத்தாழ எஃப்/3.6. முந்தையதினும் ஏறக்குறைய 20 மடங்கு ஒளியை அது உட்செலுத்தியது. மனிதரைப் படமெடுத்தல் ஒரு தொழிலாக வளர இது வழிவகுத்தது.

அதனை உருவாக்கி விற்ற ஃபாய்க்லேண்டர் நிறுவனம் பெரும்பொருள் ஈட்டியது. பெட்ஸ்வால் ஒரே ஒரு தொகையுடன் அமைய வேண்டியதாயிற்று. அவர்களிடையே எழுந்த பிணக்கு ஈண்டு விரித்தற்குரியதன்று. பெட்ஸ்வாலின் கணக்கே வெளிப்படுத்திய ஒரு தடையே நமக்கு இன்றியமையாதது. அவ்வில்லை நடுவில் தெளிந்த உருவத்தையும் ஓரங்களில் மங்கிய உருவத்தையும் தந்தது. உருவம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம்போல் வளைந்த பரப்பில் விழுந்ததே காரணம்.

இவ்வளைவை நீக்குவதற்குரிய விதியைப் பெட்ஸ்வாலே வகுத்திருந்தார். ஒட்டிய இரட்டை வில்லையில் அவ்விதி நிறைவேற வேண்டுமாயின், குவிவில்லையின் விலகல் எண் குழிவில்லையினதைவிட மிக்கிருத்தல் வேண்டும். நிறப்பிறழ்ச்சி நீங்க வேண்டுமாயின், குவிவில்லையின் நிறப்பிரிகை குறைந்திருத்தல் வேண்டும். அக்காலக் கண்ணாடிகளிலோ விலகல் எண் கூடினால் நிறப்பிரிகையும் உடன் கூடிற்று. ஒன்றைச் சீராக்கினால் மற்றொன்று கெட்டது. விடை தாளில் இருந்தது. அதனைச் செய்வதற்குரிய கண்ணாடி உலகில் இல்லை.

யேனாவில் பிறந்த கண்ணாடி

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் 1846இல் ஒரு கருவிப் பட்டறையைத் தொடங்கினார். 1866இல் அவருடன் இணைந்த இயற்பியலறிஞர் எர்ன்ஸ்ட் ஆபே நுண்நோக்கியின் கோட்பாட்டை வகுத்தார். நூற்பாலைத் தொழிலாளியின் மகனான அவர், ஒளிக்கருவிகளின் முன்னேற்றம் இனிக் கண்ணாடி உருக்குவோர் கையிலேயே உள்ளது என்பதை 1870களிலேயே வலியுறுத்தினார்.

அதற்கு விடையளித்தவர் ஓட்டோ ஷாட். கண்ணாடி செய்யும் குடும்பத்திற் பிறந்து வேதியியல் பயின்ற அவர், 1879இல் தாம் உருக்கிய லித்தியக் கண்ணாடியை ஆபேயிடம் அனுப்பினார். அம்மாதிரி பயன்படவில்லையாயினும் இருவரின் கூட்டுறவு தொடர்ந்தது. 1884இல் யேனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் 44 வகைக் கண்ணாடிகள் கொண்ட பட்டியல் வெளிவந்தது. விலகல் எண் மிகுந்தும் நிறப்பிரிகை குறைந்தும் அமைந்த பேரியம் கிரௌன் கண்ணாடி அவ்வாய்வின் பெரும்பேறாகும். பெட்ஸ்வாலின் விதி நாற்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்த பொருள் அதுவே. அதனைக் கொண்டு சைஸ் நிறுவனத்தின் பவுல் ரூடால்ஃப் 1890இல் அனாஸ்டிக்மட் வில்லையையும், 1896இல் பிளானாரையும், 1902இல் டெஸ்ஸாரையும் படைத்தார்.

ஒரு மறுப்பு

நம் கருத்திற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். இங்கிலாந்தின் யார்க் நகரில் டென்னிஸ் டெய்லர் 1893இல் வகுத்த குக் மும்மை வில்லை, புதுக்கண்ணாடியை நம்பாமல் மூன்று வில்லைகளை இடைவெளிவிட்டு நிறுத்தியே உருவத்தளத்தைத் தட்டையாக்க வழிகண்டது. எனவே கணக்கின் ஆற்றலை நாம் குறைத்துரைக்கவில்லை. பொருள் மறுத்த இடத்தில் கணக்கு சுற்றுவழி காண்கிறது. ஆனால் அச்சுற்றுவழிக்கும் ஒரு விலை உண்டு. வில்லைகளைப் பிரித்து நிறுத்தும்போது காற்றைத் தொடும் பரப்புகள் பெருகுகின்றன.

இழந்த ஒளியும் மென்பூச்சும்

காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. பிளானாரில் நான்கு தொகுதிகளாக அமைந்த ஆறு வில்லைகளுக்கு இத்தகைய பரப்புகள் எட்டு. நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட ஒளி இதனால் இழக்கப்படுகிறது; திரும்பிய ஒளியின் ஒரு பகுதி படத்தின்மேல் வெண்புகைபோல் படிகிறது. திருத்தத்தில் சிறந்த பிளானார் பல்லாண்டுகள் பரவாமைக்கு இதுவும் ஒரு காரணம். 1930களின் தொடக்கத்தில் லுட்விக் பெர்ட்டெலே சோனார் வில்லையில் பல துண்டுகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கியது இவ்விடரைத் தவிர்ப்பதற்கே.

பழகிக் கறைபடிந்த வில்லை புதியதைவிட மிகுந்த ஒளியைக் கடத்துவதை டெய்லர் 1890களிலேயே கவனித்திருந்தார். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, வெற்றிடத்தில் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சைப் படிவிக்கும் முறையைக் கண்டார். முதலில் இது படைத்துறை இரகசியமாகக் காக்கப்பட்டது. போருக்குப் பின் பூச்சு பரவியதும், பிளானாரின் அமைப்பைத் தழுவிய வில்லைகள் 35 மில்லிமீட்டர் கருவிகளில் பெருவழக்குப் பெற்றன. 1896ஆம் ஆண்டின் கணக்கும் உரிய பொருளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

1945இன் பிரிவு

இவ்வறிவு எங்கே உறைந்திருந்தது என்பதைப் போரின் முடிவு காட்டிற்று. 1945 ஏப்ரலில் யேனாவைக் கைப்பற்றிய அமெரிக்கப் படை, நகரைச் சோவியத் படையிடம் ஒப்படைக்குமுன் சைஸ், ஷாட் நிறுவனங்களின் வல்லுநர்களை மேற்கே கொண்டு சென்றது. சோவியத் ஆட்சியோ 1946இல் தொழிற்கூட எந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றிச் சென்றது. வரைபடங்களும் கணக்கேடுகளும் மட்டும் போதுமாயிருப்பின், ஆட்களையும் எந்திரங்களையும் பெயர்க்கும் தேவை எழுந்திராது. உருக்குவோர், தேய்ப்போர் ஆகியோரின் கைப்பழக்கமும் அறிவே என்பதை வென்றோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒளியியலின் வளர்ச்சி கணிப்போரும் உருக்குவோரும் ஒருவருக்கொருவர் காத்திருந்த வரலாறு என்பது பெறப்படுகிறது. இதனை ஆபே தம் வாழ்விலும் ஏற்றுக்கொண்டார். 1889இல் அவர் நிறுவிய கார்ல் சைஸ் அறக்கட்டளைக்குத் தம் உரிமைப் பங்குகளையும் ஒப்படைத்தார். 1900இல் அந்நிறுவனத்தில் எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் உலையருகே நின்றவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. வகுப்பறையில் குவிவில்லையின் படத்தை வரைந்து ஒளிக்கதிர்களைக் கோடிடும்போது, கோடுகளுக்கு இடையே வெற்றிடமாக விடப்படும் அப்பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நம் கடனாகும்.