மாமல்லபுரத்துக்கு வராத நீர்மூழ்கிக் கப்பல்

ஓய்வுபெற்ற போர்க்கப்பல்களை உடைத்துவிடாமல் அருங்காட்சியகமாக வைத்துக் காப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் 'விக்டரி' என்னும் பாய்மரப் போர்க்கப்பலை இன்றும் காணலாம். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்கும் அப்படி ஒரு கப்பல் வருவதாக இருந்தது.

பின்னணி

1967 டிசம்பர் 8 அன்று 'கல்வரி' பணியில் சேர்ந்ததோடு இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவு தொடங்கியது. சோவியத் ஒன்றியத்திலிருந்து இவ்வகைக் கப்பல்கள் மொத்தம் எட்டு வாங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று குர்சுரா, மற்றொன்று வாக்லி.

குர்சுரா

1969-இல் பணியில் சேர்ந்த குர்சுரா, 1971 போரில் ரோந்துப் பணி செய்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது. பின்னர் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றப்பட்டு, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இதன் நீளம் 91.3 மீட்டர். டார்பிடோ ஏவும் குழாய்கள் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு. நீர்மட்டத்தில் செல்லும்போது டீசல் இயந்திரங்கள் மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்யும். மூழ்கிய பிறகு அந்த மின்சாரத்தால் மோட்டார்கள் இயங்கும். உள்ளே சென்றால் குனிந்து நுழையும் வட்டக் கதவுகளையும், அடுக்குப் படுக்கைகளையும், சிறிய சமையலறையையும் பார்க்கலாம். ஏறத்தாழ 75 பேர் இதற்குள்தான் வாழ்ந்தார்கள் என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு, அங்கே நின்று உணர்வது வேறு.

வாக்லி

1974-இல் பணியில் சேர்ந்த வாக்லி, 36 ஆண்டுகள் உழைத்து 2010 டிசம்பர் 9 அன்று ஓய்வுபெற்றது. எட்டில் கடைசியாக விடைபெற்றது இதுவே. இதை மாமல்லபுரத்தில் கடல்சார் அருங்காட்சியகமாக வைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. கப்பலும் சென்னைத் துறைமுகம் வரை வந்தது. ஆனால் ஆண்டுகள் கடந்தும் பணி நடக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

இழப்பு

கரையேற்றிவிட்டால் மட்டும் போதாது. உப்புக்காற்றில் இரும்பைக் காப்பது தொடர் செலவு. 1971 போரில் வங்கக் கடலில் போரிட்ட 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல், மும்பையில் 2001 முதல் அருங்காட்சியகமாக இருந்தும், பாதுகாப்புக் காரணத்தால் 2012-இல் மூடப்பட்டது. 2014-இல் உடைக்கும் பணி தொடங்கியது.

நம் கடற்கரைக்குக் கடற்போர் புதிதல்ல. புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இன்றும் உள்ளது. அதற்கு எதிரே உள்ள கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினர். கோட்டையைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு அதே பயணத்தில் ஒரு நீர்மூழ்கியையும் காட்டியிருக்கலாம். இப்போது அதற்கு விசாகப்பட்டினம்தான் போகவேண்டும். வாய்ப்புள்ள பள்ளிகள் சுற்றுலாத் திட்டத்தில் குர்சுராவைச் சேர்த்துக்கொள்ளலாம்.