ஹைதர் அலிக்கு சிபாரிசு செய்தது யார்?

போன ஞாயிறு ஒக்கலிபுரத்தில் மாமா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. "உழைச்சா போதும், மேல வந்துடலாம்" என்றேன் நான். "ஆள் தெரியணும்ப்பா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாமா எதுவும் பேசவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அதனால் ஹைதர் அலி ஞாபகம் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர். சின்ன வயதிலேயே அப்பா போரில் இறந்துவிட்டார். மைசூர் படையில் இருந்த உறவினர் கைகொடுக்க, முதலில் அண்ணன் ஷாபாஸ் சேர்ந்தார். அண்ணன் நிழலில் தம்பி. சுத்தமான சிபாரிசுதான்!

ஆனால் 1749ல் நடந்த தேவனஹள்ளி முற்றுகையில் (இப்போதைய ஏர்போர்ட் பக்கம்தான்) ஹைதர் போட்ட சண்டையை சிபாரிசுக் கணக்கில் எழுத முடியாது. மைசூரில் ராஜாவைவிட அதிகாரம் படைத்திருந்த நஞ்சராஜர் அதைப் பார்த்து, 50 குதிரை வீரர்களையும் 200 காலாட்களையும் கொடுத்தார். 1755ல் திண்டுக்கல் பௌஜ்தார் பதவி. அங்கே பாளையக்காரர்களை அடக்கினார், பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதப் பட்டறை போட்டார். கணக்கு வழக்கைக் கண்டே ராவ் பார்த்துக்கொண்டார். 1758ல் பெங்களூர் கோட்டையே ஜாகீராகக் கிடைத்தது.

அதற்குப் பிறகு, வளர்த்துவிட்ட நஞ்சராஜரையே கண்டே ராவோடு சேர்ந்து ஓரங்கட்டினார் ஹைதர். 1760ல் அதே கண்டே ராவ் ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். குடும்பத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் காவிரியைத் தாண்டி ஓடினார் ஹைதர். ஆனேக்கல்லிலும் பெங்களூரிலும் கோட்டைப் பொறுப்பில் இருந்தவர்கள் அவருடைய ஆட்கள். கதவு திறந்தது, தப்பித்தார்.

பிறகு யாரிடம் போய் நின்றார் தெரியுமா? அதே நஞ்சராஜரிடம்! மன்னிப்பு கேட்டார். அவரும் மன்னித்து உதவினார். 1761ல் கண்டே ராவ் தோற்க, மைசூர் ஹைதர் கைக்கு வந்தது. நஞ்சராஜருக்குப் பழைய அதிகாரம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கதவைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். உள்ளே போய் நிலைத்து நிற்க உழைப்பு வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலே வந்த பிறகு, கதவைத் திறந்தவரை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தது மாமாதான். என் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களிடமெல்லாம் அலைந்ததும் அவர்தான். அவர் எதிரிலேயே "உழைச்சா போதும்" என்று சொல்லியிருக்கிறேன்!

வர்ற ஞாயிறும் போகணும். இந்தக் கதையை அவரிடம் சொல்லணும்.