வேகமும் நம்பகமும்: பல்லாண்டெனா ஆய்வில் 2003ஆம் ஆண்டின் இடம்

கம்பியில்லாத் தொடர்பில் சமிக்ஞை ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. சுவர்களில் மோதிச் சிதறி வரும் அலைகள் சில வேளை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இம்மங்கலைப் பகையாகக் கருதிய பொறியாளர்கள் பெறும் முனையில் ஆண்டெனாக்களைக் கூட்டினர். ஒன்றில் மங்கிய செய்தி மற்றொன்றில் தப்பும் என்பது அவர்தம் கணக்கு.

1990களில் இப்பார்வை தலைகீழாயிற்று. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் 1992இல் விண்ணப்பித்து 1994இல் பெற்ற காப்புரிமை, ஒரே அலைவரிசையில் பல தரவோடைகளை ஒருங்கே அனுப்பும் வழியைக் கூறிற்று. பெல் ஆய்வகத்தில் தெலாதாரும் (1995) ஃபொஷினியும் (1996) சிதறலே கொள்ளளவைப் பெருக்கும் எனக் காட்டினர். 1998இல் அங்கு உருவான விபிளாஸ்ட் முன்மாதிரி 8 அனுப்பு ஆண்டெனாக்கள், 12 பெறு ஆண்டெனாக்கள் கொண்டு ஒரு ஹெர்ட்சுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட்டுகள் வரை எட்டியது.

அதே ஆண்டில் அலமூட்டி வேறு திசையில் சென்றார். அவர் முறையில் இரண்டு குறிகள் இரண்டு கால அலகுகளில் இரண்டு ஆண்டெனாக்கள் வழியாகவும் செல்லும். வேகம் கூடாது, பிழை வெகுவாகக் குறையும். தரோக், சேஷாத்ரி, கால்டர்பேங்க் ஆகியோரின் குறிமுறைகளும் நம்பகத்தையே முதன்மையாக நாடின.

இரு தரப்பும் தத்தம் அளவுகோலால் வென்றன. பொது அளவுகோல்தான் இல்லை. அதை 2003இல் லிஜோங் ஜெங்கும் டேவிட் சேயும் அளித்தனர். சமிக்ஞை வலிமை கூடும்போது தரவு வீதம் வளரும் விரைவு ஓர் எண். பிழை வாய்ப்பு வீழும் விரைவு மற்றோர் எண். அனுப்பவும் பெறவும் இரண்டிரண்டு ஆண்டெனாக்கள் எனில், முதல் எண் 0, 1, 2 என ஏறுகையில் இரண்டாவது 4, 1, 0 எனவே இறங்க இயலும். முதல் எண் 1 ஆகும் இடத்தில் அலமூட்டி முறைக்குக் கிட்டுவது 0. குறுக்கீட்டை நீக்கிப் பிரிக்கும் எளிய விபிளாஸ்டுக்கு 1/2. எல்லையோ 1. ஆக, போட்டியிட்ட இரண்டுமே அங்கு எல்லைக்குக் கீழே நின்றன.

கருவி எதையும் தராத இக்கட்டுரையைக் காப்புரிமைகளின் வரிசையாக எழுதப்படும் வரலாறு எளிதில் தவறவிடும். இக்கணக்கு சமிக்ஞை வலிமை மிக உயர்ந்த எல்லைநிலைக்கே உரியது என்பதும், கைப்பேசி பெரும்பாலும் அந்நிலையில் இயங்குவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஆய்வின் வினா மாறியது: எது சிறந்தது என்பது போய், எதற்கு ஈடாக எது என்பது வந்தது.

நிறுவப்பட்டதும் இருப்பு மட்டுமே. எழுவாய்ப்புக் குறிமுறைகளைக் கொண்டமைந்த அந்நிறுவல், 2×2 அமைப்புக்குக் குறைந்தது 3 கால அலகுகளை வேண்டிற்று. பெல்ஃபியோர், ரெகாயா, விட்டர்போ ஆகியோர் 2005இல் வெளியிட்ட தங்கக் குறிமுறை 2 அலகுகளிலேயே எல்லையைத் தொட்டது. பிற எண்ணிக்கைகளுக்கு உரிய இயற்கணித அமைப்புகளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் குமார் உள்ளிட்ட குழுவினர் 2006இல் வெளியிட்டனர்.